ரஸ்க் லசான்யா

பள்ளிக்கூட கேன்டீனில் சமைத்த அவளுக்கு ‘அடுக்கு அக்கா’ என்று பேர். கையில் எது அகப்பட்டாலும் அடுக்கி, நடுநடுவே கொத்துக்கறியும் தக்காளிச் சாறும் ஊற்றி, மேலே சீஸைத் தூவி ஓவனுக்குள் தள்ளிவிடுவாள். இத்தாலிக்கார லசான்யாவுக்கு வேண்டிய மாவுத் தகடு வரவில்லையா, பிரெட். பிரெட்டும் தீர்ந்ததா, கத்தரிக்காய். அதுவும் போனால் முட்டைக்கோஸ் இலை. பலகையில் மட்டும் கூசாமல் லசான்யா என்று எழுதிவிடுவாள். பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் தின்றார்கள்.

மறுபேச்சு வந்ததெல்லாம் வீட்டில்தான். கணவர் பெரிய ஹோட்டலில் சமையல்காரர். மிச்சத்தை டப்பாவில் கொண்டுவந்து வைத்தால், கரண்டியால் ஒரு மூலையைத் தூக்கி உள்ளே பார்ப்பார்.

“இது லசான்யா இல்ல.”

“அடுக்கி வேக வெச்சா லசான்யாதாங்க.”

“அப்போ அலமாரியில துணி அடுக்கியிருக்கே, அதையும் வேக வை.”

சொல்லிவிட்டு டப்பாவை வழித்துத் தின்பார். கல்யாணமான நாள் முதல் தீராத வழக்கு இது.

வேலையை விட்டு நின்றபின் அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகளின் முகம். ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விட, ஜன்னல் திரை எரிந்தது. மகள் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தாள்.

“உன்னால முடியாதும்மா. சொன்னாக் கேளு.”

“உங்கப்பா இன்னும் என்கூடச் சண்டை போடறார்டி. என் லசான்யாவ அவர் ஒத்துக்கிட்ட அன்னைக்குக் கூட்டிட்டுப் போ.”

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள். வரவர அவர் மூலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை, வைத்ததைப் பேசாமல் தின்றார். மனுஷனுக்கு ரோஷம் வரட்டும் என்று அவள் வேண்டுமென்றே மோசமாகச் செய்தாள். நூடுல்ஸை நொறுக்கி அடுக்கினாள், பூசணியை அடுக்கினாள். பயமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மனசு மரத்துப்போய், கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

மகள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, இனிப்பு ரஸ்க்கைப் பாலில் நனைத்து அடுக்கினாள். இந்த அநியாயத்துக்குத் தட்டை விசிறியடிக்காதவன் சமையல்காரனே இல்லை.

அவர் கரண்டியை எடுத்தார். மூலையைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். மகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இது என்னங்க?” என்று அவளே கேட்டாள்.

“லசான்யா.” ஒரு வாய் தின்று, விருந்தாளி போல மரியாதையாகச் சிரித்தார். “அருமையா பண்ணியிருக்கீங்க. என் வீட்டுக்காரிக்குத்தான் இது வரவே வராது. எதையாவது அடுக்கிட்டு வந்து என் உயிர வாங்குவா.”

இன்னொரு வாய் தின்றுவிட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவளுக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க. தின்னு பாக்கட்டும்.”

அவள் ஒரு துண்டை வேறு தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு மகளைப் பார்த்து, “அந்த இடத்துக்கு ஃபோன் பண்ணிடுடி” என்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

எடுத்து வைத்த துண்டோடு அவர் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாய் தின்றாள். திகட்டியது.

“இது லசான்யா இல்லங்க” என்றாள்.