அம்மாவின் போனில் கம்பளை நேரம்

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். இலங்கையில் எங்கள் கம்பளைப் பக்கத்திலிருந்து அப்படிப் போன பெண்களுக்காக நான் ஒரு சிறிய இணைய மன்றம் நடத்துகிறேன். ஒப்பந்தம், சமையல், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் அங்கே பேசுவார்கள். அம்மா படிப்பதோடு சரி.

மே மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவீர்களா என்று கேட்கும் போதெல்லாம், "பாப்போம், சாப்பிட்டியா?" என்பார்.

ஒருநாள் அவரே அழைத்தார்.

"ஒன் மன்றத்துல எழுதினேன். அனுப்பினா மறுபடி பாஸ்வேர்ட் கேக்குது. இப்பதான உள்ள வந்தேன், அதுக்குள்ள யாருன்னு கேட்டா? எழுதினது அத்தனையும் போச்சு."

"என்ன எழுதினீங்கம்மா?"

"அது அவங்களுக்கு எழுதினது. ஒனக்கென்ன?"

எனக்கு அதைப் படிக்க வேண்டும் போலிருந்தது. கோளாறு என்று வருகிறவர்களுக்குச் சொல்லும் வழக்கமான பட்டியலை எடுத்தேன். பழைய குக்கிகளை அழிக்கச் சொன்னேன். வேறு பிரவுசர். புதிய பாஸ்வேர்ட். எழுதியதை முதலில் நகலெடுத்து வைக்கச் சொன்னதற்கு, "ஒத்த வெரல்ல எழுதுறதே பெருசு" என்றார். பகல் ஓய்வு நேரத்தில் மேலும் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் போனது. ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்ட திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். சேர்வர் பதிவில் அம்மா சரியான பாஸ்வேர்டுடன் உள்ளே வந்திருந்தார். அடுத்த பக்கத்தில் அவர் யாரோ ஒரு பெயரில்லாத விருந்தாளி.

மூன்றாவது ஸ்கிரீன்ஷொட் வந்தபோது ஆபீஸ் முடிந்து வரும் வழியில் பேராதனைச் சந்தி நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றிருந்தேன். என் போனில் மூன்று நாற்பது. படத்தின் மூலையிலும் மூன்று நாற்பது. குவைத்தில் அப்போது ஒன்று பத்துதான் ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டு படங்களும் இப்படித்தான் இருந்திருக்கின்றன. என் நேரமாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

"போன்ல நேரத்த யாரும்மா மாத்துனது?"

"நாந்தான். இங்கத்த மணி செவுத்துல இருக்கு. போன்ல ஒன் மணி வச்சிருக்கேன், நீ பஸ் ஏறிட்டியா, வீடு சேந்துட்டியான்னு பாக்க. ஏன்டி, தப்பா?"

"இல்லம்மா."

தப்புத்தான். உள்ளே வருகிறவருக்கு மன்றம் இரண்டு மணிநேர அனுமதி தரும்; அது முடிந்ததா என்று போன் தன் கடிகாரத்தில் பார்க்கும். பலர் அந்தந்த வீட்டுப் பொது டப்லெட்டில் வருவதால் நான் வைத்த எல்லை அந்த இரண்டு மணிநேரம். அம்மாவின் போன் இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடியது. அனுமதி கைக்கு வரும்போதே காலாவதியாகி இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரே வரியில் பதில் அனுப்பியிருப்பேன்: நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். அம்மாவுக்கும் அதை எழுதினேன். அனுப்பினால் உடனே "சரி" என்று மாற்றிவிடுவார். அழித்தேன்.

கம்பளையில் வீட்டுக்கு வந்ததும் சேர்வர் பக்கம் திருத்தினேன். இனி நேரத்தை போன் பார்க்காது, சேர்வரே எண்ணும். இரண்டு மணிநேர எல்லை அப்படியே இருந்தது. தொடக்கத்திலேயே நான் அப்படிச் செய்திருக்க வேண்டும்.

மறுநாள் நான்கு மணிக்குச் சற்று முன் அம்மாவின் பதிவு வந்தது.

"திரும்பி ஊருக்குப் போனவங்ககிட்ட கேக்குறேன். எம் மக சின்னப் புள்ளயா இருக்கப்ப வந்தேன். இப்ப ஆபீஸ் போறா. லீவுல போனா விருந்தாளி மாதிரி ஆக்கிப் போடுறா, தின்னுட்டு வந்துர்றேன். அவளுக்கு இப்ப என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரேயடியா போனவங்க, மொத நாள் என்ன சமைச்சீங்க?"

பேராதனை ரயில் மேடையில் நின்று அதை மூன்று முறை படித்தேன். இழந்த மூன்று முறையும் இதையேதான் எழுதியிருப்பாரா என்று தெரியவில்லை. ஒருவர் நெத்தலியும் பருப்பும் என்று பதில் போட்டிருந்தார். இன்னொருவர், "மொத நாள் அழுதுகிட்டே இருந்தேன், சமைக்கவே இல்ல" என்று எழுதியிருந்தார்.

கேள்வி திரும்பிப் போனவர்களுக்கு. நான் எங்கேயும் போனதில்லை. இருந்தாலும் என் பெயரிலேயே கீழே எழுதினேன்: "பலாக்கொட்டைக் கறி."

ரயில் வருவதற்குள் பதில் வந்தது. இந்த முறை அவரை யாரென்று மன்றம் கேட்கவில்லை.

"மே கடைசில அங்க கெடைக்குமா?"

ஜூன், ஜூலையில்தான் நிறையக் கிடைக்கும், அப்போதும் இங்கேதானே இருப்பீர்கள் என்று எழுதினேன்.