ஸ்டோரி என்ற சொல்

எழுபதுகளின் நடுவில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் பாலக்காட்டு நிருபர். தமிழ்ப் பத்திரிகைதான்; ஆனால் ஆபீசில் ஒருவர் வாயிலும் ‘செய்தி’ என்ற சொல் வராது. எல்லாம் ஸ்டோரி. மந்திரி ரிப்பன் வெட்டினால் ஸ்டோரி, பஸ் கவிழ்ந்தால் ஸ்டோரி. முதல் பக்கத்தில் பெரிதாக வருவது லீட் ஸ்டோரி. இடமில்லாமல் தூக்கிப் போட்டால் ஸ்டோரியைக் கொன்றாயிற்று. யாரும் சாகாத விபத்தைச் சொன்னால், “இதுல ஸ்டோரியே இல்லையேப்பா” என்பார் செய்தி ஆசிரியர். கல்பாத்தியில் எங்கள் வீட்டுக்குள்கூட நான் அப்படியே பேசித் திரிந்தேன். அதில் ஒரு பெருமை.

ஒரு கோடையில் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் கிணற்றை ஆழப்படுத்தும்போது மண் சரிந்து ஒரு விவசாயி உள்ளே மாட்டிக்கொண்டார். காலையில் நடந்தது. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. ஊரே கூடி, கூடை கூடையாக மண்ணை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து முனகல் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். இல்லை என்றார்கள் சிலர்.

பால் சொசைட்டியில் மட்டும்தான் போன். ட்ரங்க் கால் கிடைத்ததும் கத்திப் பேசினேன்.

“ஸார், நல்ல ஸ்டோரி. ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கார். உயிரோட எடுத்துட்டா லீட் ஸ்டோரியே ஆக்கலாம். பாடின்னா ரெண்டு பத்தி போறும்.”

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஒரு பெண். முழங்கை வரை மண். பொள்ளாச்சியிலிருந்த கொழுந்தனாருக்குப் போன் செய்ய வந்தவர். கிணற்றுக்குள் கிடப்பவரின் மனைவி என்று சொசைட்டி கிளார்க் என் காதருகே சொன்னார்.

“ஏனுங்க, ஸ்டோரின்னா கதைதானுங்களே?” என்று கேட்டார் அந்தப் பெண். குரலில் கோபமே இல்லை.

“இல்லைம்மா, எங்க ஆபீஸ்ல செய்தியை அப்படிச் சொல்றது.”

“செரிங்க. நான் போன் பேசிக்கட்டுங்களா?”

வழிவிட்டேன். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

பொழுது சாயும்போது உடல்தான் வந்தது. மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு பத்தி.

பத்து நாள் கழித்து, குடும்பம் எப்படி இருக்கிறதென்று இன்னொரு ஸ்டோரி எழுதி வரச் சொன்னார்கள். போனேன். அந்த அம்மா மோர் கொடுத்தார். பிறகு மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார்.

“இதுல அவரு பேரு எங்கீங்க இருக்குது? நாலு வாட்டி படிச்சுப் பாத்துட்டனுங்க. ‘விவசாயி ஒருவர்’னுதான் போட்டிருக்குது.”

“இடம் போறலைன்னு ஆபீஸ்ல எடுத்துட்டா,” என்றேன். பொய். அன்று முழுக்க அங்கே நின்றிருந்தேனே தவிர, அவர் பெயரை ஒருவரிடமும் நான் கேட்கவே இல்லை.

அந்த அம்மா கணவர் பெயரைச் சொன்னார். தகப்பனார் பெயரையும் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

புதிதாக எழுதியதில் இரண்டு பெயரையும் முதல் வரியிலேயே வைத்து அனுப்பினேன். “இப்ப இடமில்லை, அது செத்த ஸ்டோரிப்பா” என்று சொல்லி ஆசிரியர் ஒதுக்கிவிட்டார். சண்டை போடத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு மீனாட்சிபுரம் செய்திகளைச் சொசைட்டி கிளார்க்கிடம் போனிலேயே கேட்டு எழுதிக்கொண்டேன். ஒருநாள் அவர் சொன்னார்: “அந்தம்மா பால் ஊத்த வரப்பல்லாம் கேக்குறாங்க. பேரு போட்டு வந்துருச்சுங்களான்னு.”

வரும் என்று சொல்லச் சொன்னேன்.