பின்சீட்டு ஸ்பீக்கரும் ச்சீ பெர்சியோவும்

கடலோர ஊரான சான் பெத்ரோவில் பெர்சியோ அல்மான்சார் யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். ச்சீ பெர்சியோ என்று கேட்டால் தெருநாய்கூட எழுந்து வழிகாட்டும். சந்தையிலிருந்து கடற்கரைச் சாலைவரை ஷேர் கார் ஓட்டுகிறவர். பிறந்த எல்லாக் குழந்தையும் அழும். இவர் மருத்துவச்சியின் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாராம். அன்று சுளித்த முகம் ஐம்பத்தைந்து வயதாகியும் நேராகவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். பழைய ஜப்பான் கார். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இருவர், பின்னால் நால்வர். ஒருவர் அக்குளில் இன்னொருவர் மூக்கு. பொரித்த கோழிப் பொட்டலத்தைப் பிரித்து எலும்பைச் சப்புகிறவர், எண்ணெய்த் தலையைப் பின்கண்ணாடியில் சாய்க்கிற பெண், வாயில் இருப்பதைத் துப்புவதா விழுங்குவதா என்று கடைசி நிறுத்தம்வரை தீர்மானிக்காத கிழவர். முன்னாலிருந்த சிறு கண்ணாடியில் ஜெபமாலை தொங்க வேண்டிய இடத்தில் பெர்சியோ ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் கதவுப் பிடி, சீட்டு, வாங்கிய சில்லறை எல்லாவற்றையும் துடைப்பார். ஒருமுறை மீன்காரி ஒருத்தி கூடையோடு ஏறிவிட்டாள். பெர்சியோ தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே தடம் முழுக்க ஓட்டினார். வழியில் இருந்த பூனைகளெல்லாம் காருக்குப் பின்னால் வரிசையாக நடந்ததாகவும், போலீஸ்காரர் ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நின்றதாகவும் கார் ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இந்த மனிதருடைய மனம் போய் விழுந்ததோ எண்ணெய்ச் சட்டியில். ஸ்டாண்டுக்கு எதிரே மாவு வட்டங்களைப் பொரித்து விற்கும் விதவை தோமித்தீலா. முழங்கைவரை எண்ணெய். முதல் நாள் அவள் காரில் ஏற வந்தபோது, கையைத் துடைத்துவிட்டுக் கதவைத் தொடும்படி பெர்சியோ சொன்னார். அவள் எட்டி அந்த வெள்ளைத் துணியை எடுத்து, சாவகாசமாக இரண்டு கையையும் துடைத்து, அதே இடத்தில் மாட்டினாள். வேறு யாராவது செய்திருந்தால் காரையே கொளுத்தியிருப்பார். அன்று மாலை துணியைத் துவைக்க எடுத்துப்போனவர், மறுநாள் துவைக்காமலே திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். தனக்கு என்ன நோய் என்று அப்போதே புரிந்துவிட்டது.

தன் வீட்டுக்கு வந்து தன்னோடு வாழ முடியுமா என்று அவளைக் கேட்க வேண்டும். அதுதான் முடியவில்லை. வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் குறைதான் வந்தது. ஒருநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "எண்ணெய் கறுத்துப்போச்சு, மாத்துங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

கடைசியில் வானொலியைத் தூது விட்டார். ஞாயிறு உச்சிவேளையில் பழைய காதல் பாட்டுகள் போடுவார்கள். யார் யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதை அறிவிப்பாளர் குழைந்து குழைந்து வாசிப்பார். பெர்சியோ தொலைபேசியில் தன் செய்தியைச் சொல்லி எழுதவைத்தார். அந்த நேரத்தில் அவள் காரில் இருந்தால் போதும். கடற்கரையில் மீன் சாப்பிடப் போகலாமா என்று கேட்டதற்கு அவளும் சரி என்றாள்.

"ஆனா பின்சீட்லதான் உக்காருவேன். சம்மதம்னா சொல்லுங்க."

சம்மதிக்காமல் என்ன செய்வது? வேலை நாளில் முன்சீட்டில் யார் நெருக்கி உட்கார்ந்தாலும் கேள்வி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, தடத்துப் பலகையை எடுத்துவிட்ட காரில், ஒரு பெண் முன்னால் தனியாக உட்கார்ந்து போனாள் என்றால் திங்கட்கிழமை சந்தை முழுக்க அவளைப் பெர்சியோ வீட்டம்மா என்றே கூப்பிடும். தவிர, பின்சீட்டு பெர்சியோவுக்கும் வசதிதான். கேள்வி பின்னாலிருந்து கேட்கும். இவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் எதன் வழியாகக் கேட்கும்? முன்கதவு ஸ்பீக்கர்கள் செத்து, அந்த ஓட்டைகளில் அட்டை ஒட்டிப் பல காலம் ஆகிவிட்டது. பின்கண்ணாடிக்கு அடியில் பலகையில் இருந்த இரண்டும் வெயிலில் வறுபட்டு, காகிதக் கூம்பு அப்பளமாக நொறுங்கியிருந்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஆடு செய்தித்தாள் மெல்லுகிற சத்தம். ஆட்டை விட்டா பெண் கேட்பது?

சனிக்கிழமை காலையில் செலோவிடம் போனார். டயர்க் கடைக்குப் பக்கத்தில் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிறவன். அவன் மாட்டிய ஸ்பீக்கர் ஒன்றைச் சோதித்த அன்று எதிர்வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே பிரசவமாகிவிட்டது என்று அவனே பெருமையடிப்பான். தொழில் சுத்தம், ஆள் சுத்தமில்லை. நகக்கண்ணில் கத்தரிச்செடி வைக்கலாம். பொரித்த சலாமி இறைச்சித் துண்டு ஒன்று எப்போதும் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கும். அவன் எடுத்து நீட்டிய ஸ்பீக்கர்கள் சேவல்சண்டைக்காரன் ஒருவனுடைய வண்டியிலிருந்து வந்தவை. நீள்வட்டம், நல்ல அகலம், முதுகில் தடித்த காந்தம். செலோ தட்டிக் காட்டினான். உள்ளேயிருந்து ஓர் இறகு விழுந்தது. பெர்சியோ கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

கார் கேஸில் ஓடுவது, அதற்கான சிலிண்டர் டிக்கியில் படுத்திருந்தது. அதை நிரப்பும் வால்வும் உள்ளேதான். செலோ அதன்மேல் மல்லாந்து படுத்து, பலகையின் அடியிலிருந்து பழைய நட்டுகளைக் கழற்றினான். அவன் வியர்வையும் எலிப்புழுக்கையும் சேர்ந்து ஒரு நெடி கிளம்பியது. பெர்சியோ தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று அங்கிருந்தே மேற்பார்வை பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் செலோவின் தலை வெளியே வந்தது. காந்தம் ரொம்ப ஆழம், டிக்கி மூடியைத் தூக்குகிற முறுக்குக் கம்பி அதற்கு நேர் கீழே ஓடுகிறது, பலகைக்கு மேலே ஒரு மரவளையம் வைத்து அதில் ஸ்பீக்கரை உட்காரவைத்தால்தான் காந்தம் கம்பியில் படாது என்றான். வளையமும் தயாராக இருந்தது. அதைத்தான் இத்தனை நேரம் சலாமிக்குத் தட்டாக வைத்திருந்தான். எண்ணெய் ஊறிக் கறுத்து, சுற்றிலும் எறும்பு.

"ச்சீ. அந்த அசிங்கத்தை என் காருக்குள்ள கொண்டுவராத."

"தொடச்சிட்டாப் போச்சுண்ணே." பனியனைத் தூக்கித் துடைத்தான். வளையம் இன்னும் கறுத்தது.

"அது இல்லாமலே மாட்டு."

"அடியிலேர்ந்து முடுக்கினா நிக்கும். ஆனா மூடியை மூடுறப்ப கம்பி திரும்பும். அப்ப..."

"மாட்டுடான்னா."

மாட்டினான். போவதற்குமுன் கிட்ட வந்து ஒருமுறை மூடித் திறந்து பார்த்துக்கொள்ளச் சொன்னான். அந்த நெடிக்குள் யார் தலையை நீட்டுவது? பெர்சியோ மூடியைத் திறந்தபடியே கயிற்றால் கட்டி வீட்டுக்கு ஓட்டிவந்தார். காற்றாடட்டும் என்று சாயங்காலம்வரை விட்டுவைத்து, பிறகு முழங்கையால் அடித்து மூடினார். உள்ளே "டொய்ங்" என்று ஏதோ அதிர்ந்தது. நல்ல இறுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும்: சத்தம் அபாரம். ஞாயிற்றுக்கிழமை தோமித்தீலா மஞ்சள் கவுனும் மடியில் பொரித்த பண்டக் கூடையுமாகப் பின்னால் ஏறிக்கொண்டாள். பாடகன் மூச்சை இழுப்பதுகூட அவள் காதுக்கடியில் கேட்டது. பாட்டை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று உத்தரவு போட்டாள். பெர்சியோ கூடையின் அடியில் கசியும் எண்ணெயைக் கண்ணாடியில் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இன்னும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் கேஸ் முள் படுத்துவிட்டது. கார் கடைசி மூச்சில் பங்க்குக்குள் நுழைந்து நின்றது.

பங்க்காரர் குழாயோடு வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். பெர்சியோ டிக்கிச் சாவியைத் திருப்பினார். மூடி அசையவில்லை. பங்க்காரர் குத்தினார். வரிசையில் இருந்த இரண்டு தடியர்கள் இறங்கி இழுத்தார்கள். கார்தான் அசைந்தது. பின்னால் கடற்கரைக்குக் கிளம்பிய கூட்டமெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

"உள்ள மாமியாரை வச்சுப் பூட்டிட்டாரு போல. அவங்க விடமாட்டேங்கிறாங்க" என்றான் ஒருவன்.

பின்சீட்டைக் கழற்றினால் சந்து வழியாகக் கம்பியை எட்டலாம் என்று பங்க்காரர் ஸ்பேனரோடு வந்தார். கூடையைத் தரையில் வைத்துவிட்டுத் தோமித்தீலா இறங்கினாள். சீட்டு பெயர்ந்து வெளியே வந்தது.

அதற்குப் பின்னால் இருந்ததைப் பெர்சியோ பார்த்தார். அத்தனை வருடமாக அவர் துடைத்ததெல்லாம் மேல்தோலைத்தான். கோழியெலும்பு ஒரு மயானம். பலபேர் தலைமுடி பந்தாகச் சுருண்டு, அதன்மேல் சூயிங்கம் அடை அடையாக. ஒரு குழந்தைக் காலுறை, அதற்குள் ஏதோ ஈரம். ஒரு மாங்கொட்டை முளைவிட்டு இரண்டு இலை. சீட்டின் முதுகில் எலிக் கூடு. அதைக் கட்டியிருந்த வெள்ளைத் துணி அவருடையதேதான், என்றோ காணாமல்போனது. அந்த நெடிக்கு வானத்தில் போன பறவை வளைந்துபோனது. பெர்சியோ காரின் மறுபக்கம் ஓடிக் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வைத்துவிட்டு வந்தார். பாதி சட்டையில்.

பங்க்காரரின் கை மரக்கட்டை மாதிரி. சிலிண்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே மணிக்கட்டோடு நின்றுவிட்டது. தோமித்தீலா கவுன் கையை மடித்துவிட்டு, மண்டியிட்டு, தோள்வரை நுழைத்தாள். வழியில் தட்டுப்பட்டதையெல்லாம் எடுத்து வெளியே நீட்டினாள். வாங்கிக்கொள்ள வேறு யாரும் கை நீட்டவில்லை. ஒரு பாதிப் பல்செட்டும், காய்ந்த கோழிக்கால் ஒன்றும் பெர்சியோவின் வெறுங்கைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழே போடவும் தோன்றாமல் நின்றார்.

அப்போது ஸ்பீக்கர் பேசியது. பங்க் முழுக்கக் கேட்டது.

"சான் பெத்ரோவில் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் தோமித்தீலா அம்மையாருக்கு, அவரைப் பெரிதும் மதிக்கும் ஒரு சுத்தமான மனிதர் இந்தப் பாட்டைக் காணிக்கையாக்குகிறார். அவருடைய வீட்டில் தூசி இல்லை, பூச்சி இல்லை, ஆள்தான் இல்லை. வந்து வாழச் சம்மதமா என்று கேட்கிறார்."

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கிடார் மெல்ல ஆரம்பித்தது. தோமித்தீலாவின் கை உள்ளேயே இருந்தது. முகம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"யாருங்க அந்த சுத்தமான மனுஷன்?" என்றது அவள் குரல்.

பங்க்காரர் பெர்சியோவைப் பார்த்தார். வரிசை முழுக்கப் பார்த்தது. சட்டை முழுக்க வாந்தி, இடது கையில் பல்செட்டு, வலது கையில் கோழிக்கால். அப்படியே காரை விட்டு ஓடிவிடலாம். திங்கட்கிழமை வேறு தடத்தில் வேறு ஊரில் ஓட்டலாம். ஆனால் அவள் பதிலுக்குக் காது கொடுத்து மண்டியிட்டிருந்தாள்.

"நான்தான்" என்றார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அப்ப அந்தப் பல்லைக் கீழ போட்டுட்டு வாங்க. கம்பி காந்தத்துல மாட்டி நிக்குது. ஒரு கையால ஆகாது. கூடையில எண்ணெய்க் காகிதம் இருக்கும், அதையும் எடுத்துட்டு வாங்க."

பெர்சியோ மண்டியிட்டார். பண்டம் சுற்றிய காகிதத்தைக் கசக்கிக்கொண்டு கையை நுழைத்தார். புழுக்கை, பிசுக்கு, பெயர் தெரியாத ஏதோ நார்கள், நடுவில் அவள் விரல்கள். கம்பியில் எண்ணெயைத் தடவினார்கள். அருவருப்பு அவருடைய தொண்டைவரை ஏறி வந்து அங்கேயே நின்றது, மேலே வரவுமில்லை, கீழே போகவுமில்லை. இருவரும் சேர்ந்து நெம்பியதில் கம்பி வழுக்கி விலகியது. மூடி விசையோடு எழும்பிப் பங்க்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டது. அது கடலில் போய் விழுந்ததாகச் சொல்கிறார்கள். கடல் அங்கிருந்து ரொம்ப தூரம்.

கேஸ் நிரப்பியானது. மறுபடி மாட்டுவதற்காகப் பங்க்காரர் சீட்டைத் தூக்கினார். அதன் முதுகிலிருந்த எலிக்கூட்டைத் தோமித்தீலா பார்த்தாள்.

"ச்சீ" என்றாள். "அதுல எவ உக்காருவா?"

சீட்டைக் கூரைமேல் போட்டுக் கட்டினார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்தாள். முன்கதவைத் திறந்து, பெர்சியோவின் பக்கத்தில் உட்கார்ந்து, அறைந்து மூடினாள். இரண்டு வண்டி தள்ளி ஒரு வேனில் சந்தைக் காய்கறிக்காரி இருந்தாள். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்ததை இருவரும் பார்த்தார்கள்.

கடற்கரைச் சாலையில் அவள் கண்ணாடியில் தொங்கிய துணியை எடுத்துக் கையைத் தோள்வரை துடைத்து, திரும்ப மாட்டினாள். பிறகு எண்ணெய் விரலால் வானொலியின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். குமிழில் பளபளவென்று ஒரு ரேகை விழுந்தது. பெர்சியோ அதைப் பார்த்தார். கை தானாகத் துணிக்கு எழும்பியது. துணி அதைவிடக் கேவலமாக இருந்தது. கையைத் திரும்ப ஸ்டியரிங்குக்கே கொண்டுவந்தார்.

"ச்சீ" என்றார் வாய்க்குள்.

"என்ன சொன்னீங்க?"

"மீன் தீந்துடப்போகுதுன்னேன்" என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார்.