வெள்ளிக்கிழமை விலைவாசி

மேரியைப் பற்றி ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். குவைத்தில் தங்கம் சேர்த்தாள் என்பான் ஒருவன். பெற்ற பிள்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவள் என்பாள் ஒருத்தி. அதைக் கேட்டால் எனக்கு வாயில் நல்லதாக ஒன்றும் வராது. கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவன் நான். அவள் மகளோடு பேசியதெல்லாம் என் கடை போனில்தான். அதனால் சொல்ல எனக்குத்தான் உரிமை.

கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி மேரி ஆனவள். அந்தப் புருஷன் பாண்டிச்சேரியில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். பிறந்த வீட்டார் அடுத்தவன் நிலத்திலேயே நாற்று நட்டுத் தேய்ந்தவர்கள், தாங்கிப் பிடிக்க ஆளில்லை. தொண்ணூற்றாறில், ஆறு வயது மகள் ஜாய்ஸைத் தங்கை ஆராயி வீட்டில் விட்டுவிட்டு, சமையல் வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள்.

அங்கே சர்ச்சில் பூசையே வெள்ளிக்கிழமைதானாம். அது முடிந்ததும் கார்டு போட்டுப் பேசுவாள். ஆராயி பிள்ளைக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, என் கடை ஸ்டூலில் உட்கார வைத்திருப்பாள். போன் அடிக்கும். மேரிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, கடல் தாண்டிப் பேசுவதால் கத்த வேண்டும் என்று நினைப்பு. பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்கே கேட்கும்.

முதல் கேள்வி, "அரிசி இன்னா விலை?" அடுத்தது தக்காளி, கத்திரிக்காய், முட்டை. கடைசியில் மறக்காமல் இறால், எங்கள் வாயில் எறா. "எறா கிலோ இன்னா சொல்றான்? ஆனை விலை குதிரை விலை சொன்னாலும் வாங்கித் துண்ணும்மா. அம்மா டப்பு அனுப்பறேன்ல!"

பிள்ளை வாரா வாரம் ஆராயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லும். அப்புறம் மேரி அந்த ஊர் விலையைச் சொல்வாள். கோழி சல்லிசு, முருங்கைக்காயைத் தொட முடியாது. பெட்ரோலைவிடக் குடிதண்ணீர் விலை அதிகம். ரொட்டி மட்டும் கொள்ளை மலிவு, ஆனால் காய்ந்துபோனாலும் குப்பையில் போடமாட்டார்களாம், பையில் கட்டித் தனியாக மாட்டி வைப்பார்களாம். அவள் வேலை செய்கிற அதே வீட்டில் விருந்து என்றால் ஒரு தாம்பாளம் சோற்றில் பாதி அப்படியே குப்பைக்குப் போகுமாம். "இது இன்னா நியாயம்னு புரியல ஜாய்ஸு," என்பாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்பார்கள். எங்கள் ஊரில் கையில் பையோடு ஒருத்தர் வந்தால் சௌக்கியமா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. எவ்வளவுக்கு வாங்கினாய் என்றுதான் கேட்போம், அதுதான் எங்களுக்குச் சௌக்கியம். அதனால் மேரி பேச்சு யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

தொண்ணூற்றெட்டில் வெங்காயம் தங்கமாக விற்றதே, அந்த வருஷம் லீவில் வந்த கோவளத்துக்காரி ஒருத்தியிடம் மேரி ஒரு பை வெங்காயம் கொடுத்தனுப்பினாள். குவைத்திலிருந்து கடப்பாக்கத்துக்கு வெங்காயம்! ஊரே சிரித்தது. பை என் கடையில்தான் வந்து இறங்கியது. ஜாய்ஸ் ஓடிவந்து கையை உள்ளே விட்டுத் துழாவினாள். அடிவரைக்கும் வெங்காயம்தான். கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு மேரி மேல் பொல்லாத கோபம். ஒரு பொம்மை போட்டு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாயிரத்து ஒன்றில் குவைத்தை முடித்துக்கொண்டு வந்து ஒரு மாதம் இருந்தாள். தவக்காலம், அவள் கவுச்சி தொடவில்லை. மகள் பதினொரு வயசுப் பெண்ணாகிச் சித்தியின் முந்தானைக்குப் பின்னால் நின்றது. தொட்டால் விலகியது. அடுத்து சிங்கப்பூர் போக மேரி கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. கடைக்கு வந்தவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏம்மா, புள்ளைகிட்ட விலைய தவிர வேற பேச்சே கெடையாதா உனுக்கு?"

ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேற இன்னா கேப்பேன் அண்ணாத்த? சாப்ட்டியான்னா 'ஊம்'னுது. படிக்கிறியான்னா 'ஊம்'னுது. அத்தோட முடிஞ்சிச்சு. விலைய கேட்டாத்தான் பத்து வார்த்தை பேசுது. அந்த கொரலு கேட்டுகினே இருக்கலாம்ல? அத்த வெச்சிதான் நான் அடுத்த வெள்ளிக்கெயம வரிக்கும் ஓட்டுவேன்."

டீ சொல்லிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் போன் வந்தது. நாள் மாறியதே தவிர கேள்வி மாறவில்லை. கோழிச்சோறு இத்தனை வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், நம் காசுக்கு இவ்வளவு. காப்பியைப் பையில் ஊற்றி நூல் கட்டித் தருகிறார்கள். மேஜையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம், யாரும் உட்கார மாட்டார்கள். "நம்ம ஊரா இருந்தா பொட்டலமே இருக்காது," என்று சிரிப்பாள். வீட்டுக்காரர்கள் மூன்று வேளையும் வெளியிலேயே தின்கிறார்களாம், வீட்டில் அடுப்பு இருந்தும் பற்றவைப்பதில்லையாம். இந்தப் பக்கம் சிரிப்பே இருக்காது. ஜாய்ஸுக்கு அப்போது பதினாலு வயசு. "அரிசி பதினாறு, தக்காளி எட்டு, எறா நூத்தி எம்பது, போதுமா?" என்று ரிசீவரை வைப்பாள். வைக்கிற வேகத்தில் போன் உடையாதது என் அதிர்ஷ்டம்.

ஒருநாள் சொல்லிவிட்டேன். "உன் கொரல கேக்கத்தான் கண்ணு உங்கம்மா அத்தையெல்லாம் கேக்குது."

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொரலுதான வோணும்? ரேடியோ வாங்கிக்க சொல்லு மாமா."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அந்தப் பிள்ளையைத் திட்ட மனசு வரவில்லை. வாரா வாரம் ஸ்டூலில் உட்கார்ந்து காய்கறி விலை சொல்லியே வளர்ந்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

இரண்டாயிரத்து ஏழில் மேரி ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். வீடு கட்டியாயிற்று, மகள் பிளஸ் டூ முடித்தாயிற்று, இனி எங்கேயும் போவதில்லை என்றாள். ஆனால் ஜாய்ஸ் புது வீட்டுக்கு வரவில்லை. சித்தி வீட்டிலேயே இருந்தாள். மேரி கூப்பிட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சாப்பாடு என்று சொன்னாள். தன் கையால் ஒரு வேளை தின்றுவிட்டால் பிள்ளை தன்னோடு இருந்துவிடும் என்று நம்பினாள். என்னிடமே சொன்னாள். எனக்கும் என் சம்சாரத்துக்கும் அழைப்பு.

விடிவதற்குள் கரைக்குப் போய் நின்று, படகு வந்ததும் பெரிய எறாவாகப் பொறுக்கி வாங்கியிருந்தாள். பேரம்கூடப் பேசவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தொக்கு, வறுவல், பிரியாணி, வெறும் சோற்றையும் ரசத்தையும் தவிர எல்லாம் எறா. ஜாய்ஸ் சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்ததே பெரிது என்று மேரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. விருந்தாளி தட்டில் நல்ல துண்டை வீட்டுக்காரி கையால் எடுத்து வைத்தே ஆகவேண்டும், வேண்டாம் என்றால் அவமானம், அது குவைத்து வழக்கம். அதன்படி ஜாய்ஸ் தட்டில் கை நிறைய அள்ளி அள்ளி வைத்தாள். ஒன்றை உரித்து வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.

"துண்ணு கண்ணு. அம்மா கையால ஒரு வாய்."

ஜாய்ஸ் வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள், நான் பார்த்தேன். ஆராயி பாய்ந்து மேரி கையைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, வோணாம்! அவளுக்கு எறா ஆவாது. தொண்டை வீங்கி மூச்சு நின்னுடும். எட்டு வயசுல செய்யூர் ஆஸ்பத்திரில வெச்சிகினு செத்து பொழச்சோம்."

எறா தரையில் கிடந்தது. எனக்கே அன்றுதான் தெரியும். ஆராயி புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருஷம் அந்தக் காசுக்கு எறா வாங்கித் தின்றது யார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று மேரி தங்கையைக் கேட்டாள்.

"அங்க தனியா கீற. பயந்துடுவன்னு."

மேரி மகள் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

"நீ கேக்கல," என்றாள் ஜாய்ஸ். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "விலைதான கேட்ட."

யாரும் தட்டில் கை வைக்கவில்லை. என் சம்சாரம் அழுதாள். மேரி அழவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, வெறும் சோறும் ரசமும் போட்டு, ஒரு முட்டை பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, பக்கத்தில் மகள் இருக்கும்போதே, தங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

"முட்டை ஆவுமா அவளுக்கு?"