கபாலி கோயில் வாசலில் ராட்டினம்

அடையாறு ஆஸ்பத்திரியில் கணவரைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டதால், நான் மட்டும் மயிலாப்பூர் கபாலி கோயிலுக்கு வந்திருக்கிறேன். மதுரையை விட்டுக் கிளம்பிப் பதினோரு நாளாகிறது. அவரையும் டாக்டர்களையும் தவிர யாரிடமும் பேசவில்லை.

கும்பிட்டு வெளியே வந்தால், பங்குனித் திருவிழாவுக்கு வந்த ராட்டினம் மாட வீதியில் நிற்கிறது. என்ன தோன்றியதோ, ஏறி உட்கார்கிறேன்.

“ஒத்த ஆளா குந்தினா பேலன்ஸ் நிக்காதுக்கா” என்று, சுற்றுபவர் எதிர் இருக்கையில் ஒரு மணல்மூட்டையை வைக்கிறார்.

பெட்டி சரேலென்று மேலேறுகிறது. கோபுரத்துப் பொம்மைகள் கிட்டத்தில் வந்து சரிகின்றன. இறங்கும்போது எல்லோரும் அலறுகிறார்கள். நானும் வாய்விட்டு அலறுகிறேன். அது அழுகையாக மாறியது ராட்டினம் சுற்றுபவருக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும்.

“இன்னாக்கா, பயமா கீதா? நிறுத்தட்டா?”

“வேணாம்ப்பா. இன்னும் வேகமாச் சுத்துங்க.”