கருகல் பாயசம்

திண்டுக்கல்லில் இன்று கருகல் பாயசம் இல்லாத கல்யாணப் பந்தி கிடையாது. அந்த வாசம் வந்தாலே நான் பந்தியை விட்டு எழுந்துவிடுவேன். அம்மா சமையல் வேலை பார்த்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட மெஸ்ஸின் புகையேறிய அடுப்படியில், தம்பி காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், வெல்லப்பாகைக் கிண்ட மறந்து, அவனைக் குணமாக்கச் சொல்லி மாதாவிடம் அம்மா கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது கருகிப் பிறந்தது அது. சாப்பிட்டவர்கள் மறுநாளும் அதையே கேட்டார்கள்.

தம்பி பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அம்மா, பாகு கொதிக்கும்போதெல்லாம் கண்ணை மூடி அதே ஜெபத்தை முணுமுணுத்தாள்.

"தம்பியக் குணமாக்குன்னு இன்னும் எதுக்கும்மா கேக்குற?" என்றேன்.

"இத முழுசாச் சொல்லி முடிச்சாத்தான் அப்பு, பாகு அந்தப் பதத்துக்கு வருது" என்றாள், கண்ணைத் திறக்காமல்.