படத்துக்குக் கீழே எழுதிய வரி

ஆரணிக்கு வெளியே ஓர் அரிசி ஆலையின் களத்தில் அந்தப் பெரியவரைப் படம் எடுத்தேன். இருளர். அவித்த நெல்லைக் காலால் கிளறி உலர்த்துவது அவர் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. அழியும் நிலையில் உள்ள மொழிகளைப் பற்றிச் சென்னையில் கண்காட்சி வைக்க இருந்தவர்கள், அவற்றைப் பேசும் முதியவர்களின் முகங்களைக் கேட்டிருந்தார்கள். நான் ஆரணியில் ஒரு நாளிதழின் செய்தியாளன்.

"சட்டைய கழட்டணுமா சார்?" என்று அவரே கேட்டார். "போன தடவ வந்தவரு கழட்டச் சொன்னாரு. கையில புடிச்சிகினு நிக்கப் பாம்பு வேற கேட்டாரு. நெல்லுக் களத்துல பாம்புக்கு நான் எங்க போவேன்?"

சட்டையோடு எடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படச்சுருள் மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் மகள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். இருவரும் தங்கள் மொழியில் வேகமாகப் பேசினார்கள். என்ன சண்டை என்று கேட்டேன்.

"வெயில்ல தலையில துண்டு இல்லாம நிக்கறேனாம். போட்டோவுக்குத்தான் அவுத்தேன்னா கேக்க மாட்டேன்றா, பேஜாரு."

கண்காட்சிக்கு அனுப்பும் முன் எங்கள் நாளிதழிலும் வெளியிட, அறைக்கு வந்து படத்துக்கு ஒரு வரி எழுதினேன்: 'இப்பகுதியில் இம்மொழியைப் பேசும் கடைசி மனிதர்.' மகள் பேசியதைக் கேட்ட பிறகுதான் எழுதினேன். 'சிலரில் ஒருவர்' என்று எழுதினால் படம் உள்பக்கத்தில் சிறிதாக வரும். இது எங்கள் நாளிதழில் அரைப் பக்கம் வந்தது.

சில வாரம் கழித்து அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். செவிலியர் பயிற்சியில் சேரப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். மாத முடிவுக்குள் தராவிட்டால் இடம் போய்விடும். கோட்டாட்சியர் அலுவலக விசாரணையில் தங்கள் மொழியைப் பேசிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பேசியிருக்கிறாள். அதிகாரியின் மேசையில் எங்கள் நாளிதழ் இருந்திருக்கிறது.

"'உங்க அப்பாதான் கடைசின்னு பேப்பர்ல போட்டுக்கீது. நீ பேசறது என்னா, நேத்து கத்துக்கினு வந்தியா?'ன்னாரு சார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் பேசனது உங்க காதுல விழுந்துச்சு இல்ல?"

விழுந்தது என்றேன்.

எங்கள் நாளிதழ் ஆசிரியர் திருத்தம் போட மறுத்துவிட்டார். நானே கைப்பட ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அவளோடு போனேன். அதிகாரி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் நின்றாள். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அச்சுல வந்தது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. நாளைக்கு இந்த லெட்டரும் தப்புன்னு வந்து நிக்க மாட்டீங்கன்னு என்ன சார் நிச்சயம்?"

மறுவிசாரணைக்குத் தேதி குறித்தார். அது அடுத்த மாதத்தில் இருந்தது.

அவள் தந்தை வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் நடந்ததை முழுவதும் சொன்னாள். தமிழில் சொன்னாள். எனக்கும் புரியட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.